தெளிந்த வெந்நீர்

எங்கள் ஊரில் கெட்டிலை யாரும் குளிர்நீர்க் குழாயில் நிரப்புவதில்லை. நீங்கள் நகரத்திலிருந்து வந்தவர், தம்பி, அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் பிறந்துவிட்டால் குளிர்நீர்க் குழாய் மண்ணுக்குள் உறைந்துவிடும். மார்ச் கடைசி வரை அதைத் திறந்தால் கொஞ்சம் இருமிவிட்டு நின்றுவிடும். வெந்நீர்க் குழாய் அப்படியில்லை. பாய்லர் கூடத்திலிருந்து கிளம்பும் தண்ணீர் வீட்டுக்கு வீடு ரேடியேட்டரில் சுற்றி அறையைச் சூடாக்குகிறது. அதே தண்ணீர்தான் சமையலறைக் குழாயிலும் வருகிறது. ஏற்கெனவே பாதி சூட்டில் வருவதைக் கொதிக்க வைக்க அடுப்புக்கும் வேலை குறைவு. டீக்கும் அதுதான், நூடுல்ஸ் சூப்புக்கும் அதுதான், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும் அதுதான். ரேடியேட்டர் தண்ணீரைக் குடித்தார்களா என்று நேற்று நீங்கள் கேட்டபோது, எங்கள் ஜனங்களை முட்டாள்கள் என்று நினைப்பது போலிருந்தது. அவர்கள் முட்டாள்கள் அல்ல. முட்டாள்களுக்காக நான் முப்பத்தொரு வருடம் உழைத்திருக்க மாட்டேன்.

உங்கள் விசாரணைக்காக என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பெயர் சபராலி, வயது அறுபத்திரண்டு, தெமிர்சாய் பாய்லர் கூடத்தில் தண்ணீர் வேதியியலாளர். பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால், பாய்லருக்குள் போகிற தண்ணீரில் சுண்ணாம்பு படியாமல், இரும்பு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. சோவியத் ஒன்றியம் இருந்த காலத்தில் அதற்கான உப்பு ரயிலில் வந்தது. நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாய்களோடு உட்கார்ந்திருப்பேன். பிறகு ஒன்றியம் கலைந்தது, சுரங்கம் மூடியது, ரயிலும் நின்றது. ஊரில் பாதிப்பேர் மூட்டை கட்டினார்கள். மீதிப்பேருக்கு நான் துருத்தண்ணீர் கொடுத்தேன். ஆறு வருடம் கொடுத்தேன்.

அந்த ஆறு வருடமும் என்னை வாய்க்கு வாய் கேலி செய்தார்கள். எதிர்வீட்டு மைரம் படிக்கட்டில் என்னைப் பார்த்தால் போதும், "சபராலி அண்ணே, இன்னிக்கு எத்தனை ஸ்பூன் டீத்தூள் போட்டீங்க? நேத்து கொஞ்சம் ஸ்டிராங்கா இருந்துச்சு" என்பாள். கெட்ட மனசுக்காரி இல்லை. கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவள், ஒன்பது வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு தனியாகக் கஷ்டப்படுகிறவள், சிரிப்பதற்கு அவளுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. நானும் கூடச் சிரித்தேன். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன்கூட என்னிடம் வந்ததும், "இவர் தண்ணி இவர் கைக்கே" என்று சொல்லிவிட்டு ஊற்றுவான். சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துக்கொள்வேன்.

ஆனால் விஷயம் என்னைப் பற்றியது அல்ல. காலிபாவைப் பற்றியது. என் மனைவி.

எங்கள் கட்டடத்தில் பதினொரு குடும்பங்கள் குளிர்காலம் முழுக்க முறை வைத்து விருந்து போடும். இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு. வேறு போக்கிடம் கிடையாது. அந்த விருந்துகள் இல்லையென்றால் இங்கே பிப்ரவரியைத் தாண்டுவது கஷ்டம். கறி யார் வேண்டுமானாலும் சமைத்துவிடலாம். ஒரு வீட்டுப் பெண்ணின் கைப்பக்குவத்தை ஊர் எடைபோடுவது போஸோவை வைத்துத்தான். பனிவரகு மாவைப் பிசைந்து ஊறவைத்து, வேகவைத்து, ஆறியதும் முளைகட்டிய கோதுமை மாவைக் கலந்து புளிக்கவிட்டு, துணியில் வடிகட்டி எடுக்கிற பானம். பால் போல் வெளுப்பாக, லேசாக நுரைத்து, லேசாகத் தலைக்கேற வேண்டும். காலிபா குழாயடியில் முழங்கையை நீட்டிச் சூடு பார்ப்பாள். மாவுக்கு வேண்டிய சூடு அந்த வெந்நீர்க் குழாயில் அப்படியே வருகிறது, கடவுள் நமக்காகவே கொடுத்திருக்கிறார் என்பாள்.

துருத்தண்ணீரில் போஸோ சாம்பல் நிறத்தில் வரும். குடித்தால் ஆணியை நக்கியது போல இருக்கும். எல்லார் வீட்டிலும் அதே தண்ணீர்தான், எல்லார் போஸோவும் சுமார்தான். ஆனால் தண்ணீருக்குப் பொறுப்பான ஆளின் மனைவி காலிபா ஒருத்திதான். மற்றவர்களுடையது கெட்டுப்போனால் என்னைத் திட்டினார்கள். அவளுடையது கெட்டுப்போனால் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். கிண்ணத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு, போதும் என்று உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, பாத்திரம் கழுவிக்கொண்டே, "வேற யாராவது பார்த்தா தண்ணி சரியாகுமோ என்னமோ" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலம், டிசம்பரில், நானும் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிற ஜுமாஷும் சுரங்கத்தின் பழைய கிடங்குக்கு இரும்புக் குழாய் தேடிப் போனோம். அங்கே இருபத்தாறு நீல டிரம்கள் இருந்தன. துருவைத் தடுக்கும் மருந்து, சுரங்கத்தின் சொந்த இயந்திரங்களுக்காக வாங்கி வைத்தது. மேலே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: வெளியே தண்ணீர் எடுக்க வழியில்லாத மூடிய சுற்றுக்கு மட்டும், மக்கள் தண்ணீர் பிடிக்கும் குழாய்களில் கலக்கவே கூடாது. ஒவ்வொரு டிரம்மோடும் ஒரு காகிதப் பொட்டலத்தில் பச்சைச் சாயம் இருந்தது. மருந்தைப் போடும்போது சாயத்தையும் போட வேண்டும். யாராவது தெரியாமல் தண்ணீரைப் பிடித்தாலும் நிறத்தைப் பார்த்துக் கீழே கொட்டிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு. நான் இரண்டு தடவை படித்தேன். எதையும் கவனமாகப் படிப்பது என் தொழில். ஜுமாஷ் படிக்கிற ஆள் இல்லை. "குடிக்கலாமாண்ணே?" என்று மட்டும் கேட்டான். "இது குழாய்க்குடா, குழாய் குடிக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே நாலு டிரம்மைப் பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜில் ஏற்றினான்.

சொல்லியிருந்த அளவில் பாதிதான் போட்டேன். ஒன்பதாம் நாள் தண்ணீர் தெளிந்துவிட்டது.

சாயத்தை ஏன் போடவில்லை என்பதுதான் உங்கள் முக்கியமான கேள்வி. இதற்குப் பதில் சுலபம். பச்சைத் தண்ணீரை யார் குடிப்பார்கள்? குடிக்காவிட்டால் வேறு எதைக் குடிப்பார்கள்? ஆற்றில் பனியை உடைத்து அறுநூறு பேர் வாளி வாளியாகச் சுமப்பார்களா? சாயத்தைப் போடுவது ஊரைத் தாகத்தில் சாகவிடுவது. மருந்தைப் போடாவிட்டால் துருவேறிய குழாய்கள் நடுக்குளிரில் வெடிக்கும். மைனஸ் முப்பதில் ரேடியேட்டர் இல்லாமல் ஒரு ராத்திரி தாங்காது. இரண்டையும் எடைபோட்டேன். படித்தவன் செய்கிற வேலை அதுதானே.

ஜனவரியில் எங்கள் வீட்டு முறை வந்தது. காலிபாவின் போஸோ அன்று வெள்ளையாக, மேலே மெல்லிய நுரையோடு இருந்தது. முதல் கிண்ணத்தை மைரம் வாங்கினாள்.  அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்துங்கக்கா. இது கையா, தங்கமா?" பிறகு எல்லாரும் நீட்டினார்கள். என்னைத் தோளில் தட்டி, இப்படி ஒரு தண்ணீரைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை என்றார் ஒருவர். அடுத்த நாள் கடைக்குப் போகும்போது காலிபா தெருவில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முப்பத்துநாலு வருட வாழ்க்கையில் நாலு பேர் பார்க்க அவள் அப்படி நடந்ததில்லை. இதை நீங்கள் உங்கள் காகிதத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று விருந்தில் நான் குடிக்கவில்லை. வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டேன்.

ஜுமாஷ் பாய்லர் அடியிலேயே இருப்பவன். நாள் முழுக்க அங்கே உள்ள குழாயில் பிடித்துப் பிடித்துச் சர்க்கரை போட்டு டீ குடிப்பான். பிப்ரவரியில் விரல் மரத்துப்போகிறது என்றான். அப்புறம் வாந்தி, அப்புறம் கண் மஞ்சள். மார்ச்சில் போய்விட்டான். வோட்காவும் குடிப்பான், அதனால் ஈரல் கெட்டது என்று எழுதினார்கள். நானும் பாதி நம்பினேன். நம்பாத பாதி, மறுநாள் காலையிலிருந்து ஊற்றுக்கு நடக்க ஆரம்பித்தது.

மலைச்சரிவில் ஒரு பெரியவரின் சமாதி இருக்கிறது. அதன் காலடியில் ஓர் ஊற்று. எந்தக் குளிரிலும் உறையாது. ஏறி இறங்க இரண்டு மணி நேரம். அந்தத் தண்ணீரை நோயாளிக்கும் நேர்ச்சை வைத்தவருக்கும் தவிர வேறு யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். நான் நேர்ச்சை வைத்திருப்பதாகச் சொன்னேன். ஜுமாஷின் சாவு என்னை உலுக்கிவிட்டது, தொழுகையைத் தொடங்கிவிட்டேன், இனி போஸோ தொடமாட்டேன், சமாதித் தண்ணீரில் சமைத்ததைத்தான் சாப்பிடுவேன் என்றேன். வயசான மனிதன் ஒருநாள் திடீரென்று தொழுகைக்குத் திரும்பினால் எங்கள் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை. கிண்ணத்தை நீட்டியவர்கள் தாங்களாகவே கையை இழுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து காலிபா இரண்டு பாத்திரம் வைத்தாள். என் கேனிலிருந்து சின்னப் பாத்திரம் எனக்கு. குழாயிலிருந்து பெரிய பாத்திரம் அவளுக்கும் வருகிறவர்களுக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கரண்டி. நேர்ச்சை கெட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம் அவளுக்கு. ஒரு நாள்கூடக் கரண்டியை மாற்றிப் போட்டதில்லை. நேர்ச்சை வைக்காதவள் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். தவிரவும் ஒரு கேன் தண்ணீர் இரண்டு பேருக்குப் போதாது. நான் இரண்டு கேன் சுமந்திருக்கலாமே என்பீர்கள். ஒரு கையில் ஊன்றுகோல் வேண்டும், தம்பி. சரிவெல்லாம் பனிக்கட்டி.

அந்தக் குளிர்காலத்தில் உடம்புக்கு முடியாமல் போனவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பிப்ரவரியில் இருபத்து மூன்று பெயர். ஏப்ரலில் குளிர்நீர்க் குழாய் திரும்ப ஓடத் தொடங்கியது. ஜனங்கள் அதில் பிடித்துக் குடித்தார்கள். ஜூலையில் நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை. நான் வேதியியல் படித்தவன். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும்.

அதனால் அக்டோபரில் பாய்லரை மூட்டியபோது நான் மருந்து போடவில்லை. இதை மறக்காமல் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் நிறுத்தினேன். குழாய்கள் வெடிக்கவும் இல்லை. ஒரு வாரத்தில் துரு மட்டும் திரும்பி வந்தது.

முதல் விருந்து மைரம் வீட்டில். காலிபா ஒரு ஜாடி போஸோ எடுத்துக்கொண்டு போனாள், போன வருடத்துப் பேரை நினைத்துக்கொண்டு, சந்தோஷமாக, புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு. கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஜாடி நிறைய அப்படியே இருந்தது. மைரம் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாளாம்: "தங்கக் கை துரு பிடிச்சிருச்சே அக்கா." எல்லாரும் சிரித்தார்களாம். சாதாரணப் பேச்சுதான். காலிபா ஜாடியைத் தொட்டியில் மெதுவாகக் கவிழ்த்தாள். துணியால் துடைத்தாள். "பரவாயில்ல" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

மறுநாளே கிடங்கில் மீதியிருந்தவற்றில் ஆறு டிரம்களைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். இந்தத் தடவை பாதி அளவில்லை. சீக்கிரம் தெளிய வேண்டும் என்பதற்காக முழு அளவு. அவளுக்காகத்தான் இதைச் செய்தேன். இந்த வரியை மட்டும் நீங்கள் திருத்தக் கூடாது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், உங்கள் காகிதங்களில் இருக்கிறது. மருத்துவ உதவியாளர் மஞ்சள் காமாலை என்றார். கையை அடிக்கடி வெந்நீரில் கழுவுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், சூடாகக் குடியுங்கள் என்றார். ஜனங்கள் கழுவினார்கள், குடித்தார்கள். நீங்கள் பதினொரு சாவு என்கிறீர்கள். அதில் இரண்டு பேர் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களை என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

டிசம்பரில் மைரமின் பெண் பெகாயிம் படுத்துவிட்டாள். சோறு தண்ணீர் இறங்கவில்லை. மைரம் என் வாசலில் வந்து நின்றாள். அன்று கேலி எதுவும் இல்லை. "அண்ணே, நான் உங்களப் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. சமாதித் தண்ணி ஒரு பாட்டில் குடுங்க. என் பொண்ணு சாகுது" என்றாள். கொடுத்தேன். வேறு எதுவும் கொடுக்காதே, கஞ்சியும் இதில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். பத்து நாள் தினமும் கொடுத்தேன். பெண் எழுந்து உட்கார்ந்தாள். மைரம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் பெண் தேறிவிட்டதே, பெரியவர் தண்ணீரை வீணாக்கக் கூடாதே என்று குழாய்க்குத் திரும்பிவிட்டாள். மூன்று வாரத்தில் பெகாயிம் மறுபடி படுத்தாள். மறுபடி கொடுத்தேன், மறுபடி எழுந்தாள். இப்போது மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்கிறார்கள். ஆனால் நான் கொடுத்த இரண்டு தடவையும் அவள் எழுந்தாள் என்பதை மைரமே உங்களிடம் சொல்வாள்.

அதற்குப் பிறகு ஊரில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைராசிக்காரர் என்றார்கள். ஊரில் இமாம் இல்லை. ஜனாஸாவுக்குத் துஆ ஓத என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் நன்றாகவே ஓதினேன். சாவு வீட்டில் அழுதவர்கள் என் தோளில் சாய்ந்து அழுதார்கள். டீக் கிண்ணத்தை நீட்டுவார்கள், நான் தலையசைத்ததும் மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டீத்தூள் கேலியெல்லாம் மறந்தே போய்விட்டது. ஏன் அப்போதாவது சொல்லவில்லை என்று கேட்டீர்கள். யாரிடம் சொல்வது? எல்லாரும் என்னிடம்தான் ஆறுதலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ஜனவரியில் காலிபாவுக்கு விரல் மரத்தது. கிண்ணம் நழுவி விழும். வயசாகிவிட்டது என்று சிரிப்பாள். அப்புறம் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. நின்றபடி சமைக்க முடியாமல் முக்காலி போட்டு உட்கார்ந்து சமைத்தாள். அப்போதும் இரண்டு பாத்திரம்தான். மாஸ்கோவிலிருந்து எங்கள் மகள் போன் செய்து, "அப்பா, ஊருக்கெல்லாம் குடுக்கிற தண்ணிய அம்மாவுக்கும் குடுங்கப்பா" என்று அழுதாள். நான் காலிபாவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "பெகாயிம் குழந்தை. அவளுக்குக் குடுங்க. நான் வாழ்ந்தாச்சு" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் விருப்பத்துக்கு எதிராக நான் என்றைக்கும் எதையும் செய்ததில்லை.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலையில் போய்விட்டாள். உடலைக் கழுவ பெண்கள் குழாயைத் திறக்கப் போனார்கள். நான் தடுத்துவிட்டேன். காத்திருங்கள் என்று சொல்லிவிட்டுச் சமாதி ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன். அந்தத் தண்ணீரில்தான் கழுவினார்கள். மனைவி மேல் இவ்வளவு பிரியமா என்று ஊரே கண்ணீர் விட்டது. அன்று நான் இரண்டு கேன் சுமந்தேன்.

நீங்கள் வந்து குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தபோது, பாய்லர் கூடத்தில் எல்லாரையும் விசாரித்துவிட்டு என்னைக் கடைசியாகத்தான் கூப்பிட்டீர்கள். அந்த மனுஷரைத் தொந்தரவு செய்யாதீர்கள், துக்கத்தில் இருக்கிறார் என்று உங்களிடம் சொன்னார்களாம். நீங்கள் கேட்டதும் எழுதித் தருகிறேன் என்றேன். மறைக்க இனி எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. அதையும் எழுதிவிடுகிறேன்.

காலிபா சாவதற்குப் பதினொரு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெங்காயம் எடுக்க நிலவறைக்கு இறங்கியவள் வெகுநேரம் வரவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். சாயப் பொட்டலம். அவற்றையெல்லாம் ஒரு மாவு மூட்டையில் போட்டு வைத்திருந்தேன். நல்ல பொருளை எறிய எனக்கு மனசு வராது. அவள் பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். ரஷ்யன் என்னைவிட நன்றாகப் படிப்பாள். பொட்டலத்தில் எதற்காக, எதோடு சேர்த்து, ஏன் என்று எல்லாமே அச்சிட்டிருந்தது. மேஜைமேல் எனக்கு நேராக வைத்தாள்.

"கிழவரே, தண்ணியில எதுவும் இருக்கா?"

"இல்ல கிழவி" என்றேன்.

 கெட்டிலை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர்க் குழாயில் நிரப்பினாள். அடுப்பில் வைத்தாள். கொதிக்கும் வரை என்னைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீ போட்டு இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். எனக்குப் பாதிக் கிண்ணம்தான். நிறைய ஊற்றினால் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வதாகிவிடும். பாதி ஊற்றுவதுதான் மரியாதை. கோபத்தில்கூட அவள் அந்த அளவை மீறவில்லை. 

"குடிங்க" என்றாள். "நீங்க ஒரு வாய் குடிச்சா போதும். நான் நம்பிடுறேன். திரும்பக் கேக்கவே மாட்டேன்."

பாலில்லாத டீ, நல்ல தெளிவாக இருந்தது. கிண்ணத்தின் அடியில் இருந்த நீலப் பூ தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆவி நின்றுவிட்டது, மேலே மெல்லிய படலம் படிந்தது. நேர்ச்சை இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்வையைப் பார்த்துவிட்டு அதையும் சொல்லவில்லை.

பிறகு அவள் கையை நீட்டி என் கிண்ணத்தை எடுத்தாள். அதைக் குடித்தாள். தன்னுடையதையும் எடுத்துக் குடித்தாள். நான் தடுக்கவில்லை.

"பதினோரு வீட்டுக்கும் என் கையாலதான் ஊத்தினேன், கிழவரே" என்றாள். "பெகாயிமுக்கும் நான்தான் சர்க்கரை போட்டு ஊத்திக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு சாகும் வரை தண்ணீரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயில்தான் பிடித்துக் குடித்தாள், முன்பைவிட அதிகமாகவே குடித்தாள். என் சின்னப் பாத்திரத்தையும் கடைசி நாள் வரை அவளே வைத்தாள்.

அந்த ஒரு வாய் டீயை நான் குடித்திருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள், குடிக்க மாட்டேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள், இரண்டையும் ஏன் செய்யவில்லை என்றுதான் நீங்கள் அடுத்ததாகக் கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, தம்பி. அன்றைக்கு எனக்குத் தாகமாக இல்லை.